இரண்டு பேரேடுகள்

பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பிராணியின் உருவம் வந்து நின்றுவிடுகிறது. மத்திய அமெரிக்காவில் யுனைட்டட் ஃப்ரூட் கம்பெனிக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயரே 'எல் புல்போ', ஆக்டோபஸ். கோபத்தில் பிறந்த உவமை என்ற அளவில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஓரிடத்தில் அது நம்மைத் திசை மாற்றிவிடுகிறது. ஆக்டோபஸுக்கு ஒரு உடல் இருக்கிறது; கைகளைத் தொடர்ந்து போனால் அவை எங்கே சேருகின்றன என்று பார்த்துவிடலாம். யுனைட்டட் ஃப்ரூட் கம்பெனியை அது இயங்கிய எந்த நாட்டில் நின்றும் முழுசாகப் பார்க்க முடிந்ததில்லை. குவாதமாலாக்காரனுக்குத் தெரிந்தவை ஒரு தோட்டம், ஒரு ரயில் பாதை, வந்து போகும் சில வெள்ளைக் கப்பல்கள். தோட்டத்துக்கு ஒரு கம்பெனிப் பெயர், ரயிலுக்கு வேறொரு பெயர், கப்பல்களுக்கு இன்னொரு பெயர். இவை எல்லாம் ஒன்று என்பது பாஸ்டன் நகரத் தலைமை அலுவலகத்தின் கணக்குப் புஸ்தகத்தில்தான் தெரியும்.

நான் இங்கே பேச விரும்புவது அந்தக் கணக்குப் புஸ்தகத்தைப் பற்றி. பேராசை, சுரண்டல் என்ற சொற்களை மறுக்கவில்லை. அவை எந்தக் காலத்து வியாபாரத்துக்கும் பொருந்தக் கூடியவை. அதனாலேயே இந்தக் குறிப்பிட்ட விஷயத்தை விளக்கப் போதாதவை. பன்னாட்டுக் கம்பெனிக்கென்று பிரத்யேகமாக இருப்பது அதன் அமைப்பு. ஒரே நிலத்துக்கு, ஒரே சரக்குக்கு, ஒரே மனிதனுக்கு இரண்டு தேசங்களில் இரண்டு மதிப்பு எழுதிக்கொள்ள அந்த அமைப்பு வசதி செய்து தருகிறது. ஒரு பேரேடு தோட்டம் இருக்கிற நாட்டுக்கு. இன்னொன்று தலைமை அலுவலகத்துக்கு. முதல் பேரேட்டில் தொகை சிறுத்திருக்கும். இதில் அந்த நாடு பணத்தை இழக்கிறது என்பது எல்லோரும் சொல்வது. தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன நடந்தது என்று தானே சொல்லிக்கொள்ளும் சக்தியையும் அது இழக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதுகிறவர்கள் இதில் அக்கறை கொள்ள வேண்டிய காரணமும் அதுவே.

*

கதை பழத்தில் ஆரம்பிக்கவில்லை, கடனில் ஆரம்பிக்கிறது. கோஸ்டா ரிகாவின் காப்பி பஸிபிக் கரையில் கப்பலேறி, தென்னமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம், கரீபியன் கரையில் உள்ள லிமோன் வரை ரயில் போட்டால் தூரம் குறையும் என்று அரசாங்கம் 1871ல் லண்டனில் கடன் வாங்கியது. பெருவில் ஆண்டிஸ் மலை மேல் ரயில் போட்டுப் பேர் வாங்கிய ஹென்றி மெய்க்ஸ் என்ற அமெரிக்கரிடம் ஒப்பந்தம் போயிற்று. வேலை அவருடைய சகோதரி மகன்கள் கைக்கு வந்தது. அவர்களில் ஒருவர் மைனர் கூப்பர் கீத், புரூக்ளினில் பிறந்தவர், அப்போது வயது 23. சதுப்பிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கில் கூலிகள் செத்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், சீனர்கள், இத்தாலியர்கள். கீத்தின் சகோதரர்களும் செத்தார்கள். பணம் தீர்ந்தது, பாதை முடியவில்லை. போட்ட மட்டும் போட்ட பாதையில் ஏற்றிச் செல்லச் சரக்கு வேண்டுமென்று கீத் அதன் ஓரங்களில் வாழை நட்டார்.

1884ல் அவர் அரசாங்கத்தோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். லண்டன்காரர்களோடு பேசிக் கடனைச் சீராக்குவதும் மிச்சப் பாதையைப் போட்டு முடிப்பதும் அவர் பொறுப்பு. பதிலுக்கு ரயில் 99 வருஷக் குத்தகை. நிலம் 8 லட்சம் ஏக்கர். தேசத்தின் பரப்பில் பதினாறில் ஒரு பங்கு என்று சொல்லலாம். 1890ல் ரயில் தலைநகருக்கும் லிமோனுக்கும் இடையே ஓடியது. கீத் இதற்குள் முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். வடக்கே பாஸ்டனில், ஜமைக்காவிலிருந்து 1870ல் முதன்முதலாக வாழைத்தார் ஏற்றி வந்த பாய்மரக் கப்பல் தலைவர் லோரென்ஸோ பேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு பழக் கம்பெனி நடத்திவந்தார்கள். 1899 மார்ச் 30ந் தேதி இரண்டும் ஒன்றாயின. அதுதான் யுனைட்டட் ஃப்ரூட்.

வாழை அவசரக்காரப் பழம். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காப்பிக்கொட்டையை மூட்டை கட்டிக் கிடங்கில் போட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வாழைத்தாரைப் பச்சைக்காயாக வெட்டி, நசுங்காமல் ரயிலேற்றி, உடனே கப்பலேற்றி, குளிர் குறையாமல் கொண்டுபோய், பழுக்கிற நேரத்துக்கு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விற்றாக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் சரக்கு முழுக்கக் குப்பை. ஆகவே கம்பெனி எல்லாக் கண்ணிகளையும் தானே வைத்துக்கொண்டது: தோட்டம், ரயில், துறைமுகத் தளம், வெயில் உறைக்காமல் வெள்ளை அடித்த குளிர்சாதனக் கப்பல்கள். 1913ல் கம்பியில்லாத் தந்திக்கென்று ஒரு துணைக் கம்பெனியும் அதனிடம் இருந்தது. கப்பல் எப்போது வரும் என்ற செய்தி வந்த பிறகே தோட்டத்தில் கத்தியை எடுத்தார்கள். அழுகக் கூடிய ஒரு சரக்கின் அவசரம் ஒரு பிராந்தியத்தின் போக்குவரத்து முழுவதையும் ஒரே கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 'பனாமா நோய்' என்று பெயர் பெற்ற ஒரு பூஞ்சைக் காளான் மண்ணில் புகுந்துவிட்டால் அந்த நிலத்தில் அப்போது பயிரிட்டுவந்த கிரோ மிஷேல் வாழை மறுபடி வராது. கம்பெனி கண்ட சிகிச்சை நிலத்தைக் கைவிட்டுப் புது நிலத்துக்கு நகர்வது. அதற்காகப் பயிரிடாத நிலத்தைப் பெரும் பரப்பில் கையில் வைத்துக்கொண்டிருந்தது. கோஸ்டா ரிகாவில் 1930களில் அது கரீபியன் பக்கத்தை விட்டுப் பஸிபிக் பக்கம் போயிற்று. அங்கே கறுப்பர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1934ல் சட்டம் வந்துவிட்டதால், ரயில் போட வந்து தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்த ஜமைக்காக்காரர்கள் லிமோனில் வேலையில்லாமல் நின்றார்கள். பாஸ்டனில் இருந்து பார்த்தால் இது ஒரு இடமாற்றம். லிமோனில் இருந்து பார்த்தால் ஒரு ஊர் முடிந்துபோவது. பயிரிடாத நிலம் என்ற இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு அரசாங்கம் கவிழ்ந்தது இதன் பொருட்டுத்தான்.

*

அந்த அரசாங்கம் குவாதமாலாவினுடையது. கோஸ்டா ரிகாவில் அமைந்ததைவிடக் கச்சிதமாகக் கம்பெனி அமைந்தது அங்கேதான். 1898லிருந்து 1920 வரை அதை ஆண்டவர் மானுவெல் எஸ்த்ராதா கப்ரேரா. பின்னால் அஸ்தூரியாஸ் எழுதிய சர்வாதிகாரி நாவலுக்கு மூலமான ஆசாமி. 1904ல் அவர் ரயிலைக் கீத்திடம் 99 வருஷத்துக்குக் கொடுத்தார். 1912ல் அது மத்திய அமெரிக்க சர்வதேச ரயில்வே என்ற கம்பெனி ஆயிற்று. அட்லாண்டிக் பக்கம் நாட்டுக்கு இருந்த ஒரே துறைமுகம் புவெர்த்தோ பாரியோஸ். அங்கே போக ரயிலைத் தவிர சாலை கிடையாது. பழக் கம்பெனிக்கு அந்த ரயில் கம்பெனியில் 42 சதவிகிதத்துக்கு மேல் பங்கு.

இப்படி இருக்கும்போது கட்டணம் எப்படி நிர்ணயமாகும்? கம்பெனியின் வாழைத்தாருக்கு ரயில் குறைவாக வாங்கியது. மற்றவர்கள் சரக்குக்கு அதிகமாக வாங்கியது. ரயிலுக்கு லாபம் குறைந்தது; பழத்துக்கு லாபம் கூடியது. வலது பையில் இருப்பதை இடது பையில் போட்டுக்கொள்கிற காரியம்தான். ஆனால் வலது பை குவாதமாலாவிலும் இடது பை அமெரிக்காவிலும் இருக்கிறது. பன்னாட்டுக் கம்பெனி தன்னுடைய ஒரு கிளைக்கு இன்னொரு கிளை வழியாக விற்கிற விலை சந்தை விலையல்ல. எந்த நாட்டில் லாபம் தெரிய வேண்டும், எந்த நாட்டில் தெரியக் கூடாது என்பதற்குத் தக்கபடி எழுதப்படுகிற விலை. இன்று மருந்துக் கம்பெனியிலும் எண்ணெய்க் கம்பெனியிலும் கம்ப்யூட்டர்க் கம்பெனியிலும் இது பெரிய சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அதன் ஆரம்பப் பாடத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் புவெர்த்தோ பாரியோஸ் ரயிலைப் பார்க்கலாம்.

இந்தக் கட்டணச் சூழ்ச்சி கோர்ட்டில் நிரூபணமானதும் உண்டு. வழக்குப் போட்டது குவாதமாலா அல்ல. ரயில் கம்பெனியில் சிறு பங்கு வைத்திருந்தவர்கள். தங்கள் லாபத்தைப் பெரிய பங்குதாரர் உறிஞ்சிவிட்டார் என்பது அவர்கள் வாதம். 1960ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதே குற்றச்சாட்டை அதற்குப் பல வருஷங்கள் முன்பே சொல்லிவந்த குவாதமாலாவின் அரசியல்வாதிகளுக்குக் கிடைத்த பெயர் கம்யூனிஸ்ட்.

*

1944ல் குவாதமாலாவில் சர்வாதிகாரம் விழுந்து தேர்தல் வந்தது. 1951ல் ஜனாதிபதியான ஹக்கோபோ அர்பென்ஸ் ராணுவ அதிகாரி. அட்லாண்டிக் கரைக்கு ஒரு சாலை, கம்பெனியின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அரசாங்கத் துறைமுகம், ஒரு நீர்மின் நிலையம்: இவை அவர் திட்டங்கள். எதையும் பிடுங்காமலே கம்பெனிக்குப் போட்டி உண்டாக்குகிற வழி இது. கூடவே 1952 ஜூன் 17ந் தேதி நிலச் சீர்திருத்தச் சட்டம், 900ம் எண் ஆணை, வந்தது. நிலம் வைத்திருந்தவர்களில் 2 சதவிகிதம் பேரிடம் விளைநிலத்தில் 72 சதவிகிதம் இருந்த நாடு அது. பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் கிடக்கிற பகுதியை மட்டும் சட்டம் எடுத்தது. நஷ்ட ஈடு 25 வருஷக் கடன் பத்திரம், வட்டி 3 சதவிகிதம். நிலத்தின் மதிப்பு, சொந்தக்காரரே வரிக்காக எழுதிக் கொடுத்திருந்த மதிப்பு.

கம்பெனியிடம் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் ஏக்கர் இருந்தது. அதில் 85 சதவிகிதம் பயிரில்லாத நிலம். பனாமா நோய்க்குப் பயந்து வைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. 1953 மார்ச்சில் பஸிபிக் பக்கம் திகிஸாத்தேயில் சுமார் 2,10,000 ஏக்கரை அரசாங்கம் எடுத்தது. கம்பெனியின் சொந்த வரிக் கணக்குப்படி அதன் விலை 6,27,572 டாலர். 1954 ஏப்ரலில் கம்பெனிக்காக அமெரிக்க வெளிநாட்டு இலாகா கேட்ட தொகை 1,58,54,849 டாலர். ஏக்கர் 3 டாலர் என்பது ஒரு பேரேடு. 75 டாலர் என்பது இன்னொரு பேரேடு. அர்பென்ஸ் செய்த குற்றம், கம்பெனி எழுதிக் கொடுத்த சீட்டை நம்பியது. இரண்டு பேரேட்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சின்ன தேசம் துணிந்தது, அவ்வளவுதான் நடந்தது.

மேலே நடந்ததெல்லாம் பலரும் எழுதியது. வெளிநாட்டு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் கம்பெனியின் வழக்குகளைப் பார்த்த சட்ட நிறுவனத்தில் இருந்தவர். அவர் தம்பி ஆலன் டல்லஸ் சி.ஐ.ஏ.வின் தலைவர். கம்பெனியின் விளம்பர ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ், ஃப்ராய்டின் சகோதரி மகன். அமெரிக்கப் பத்திரிகையாளர்களைக் கம்பெனி செலவில் குவாதமாலாவுக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டியதைக் காட்டியவர். 1954 ஜூன் 18ந் தேதி சி.ஐ.ஏ. தயார் செய்த சிறு படை ஹோண்டுராஸ் எல்லையைத் தாண்டி வந்தது. 27ந் தேதி அர்பென்ஸ் ராஜினாமா செய்தார். அந்தச் சட்டத்தின் கீழ் நிலம் கிடைத்திருந்த சுமார் 1 லட்சம் குடும்பங்களில் பெரும்பாலோர் அதை இழந்தார்கள். கம்பெனிக்கு நிலம் திரும்பியது.

ஐந்து நாள் கழித்து, ஜூலை 2ந் தேதி, அமெரிக்க நீதி இலாகா யுனைட்டட் ஃப்ரூட் மீது ஏகபோகத் தடைச் சட்டப்படி வழக்குப் போட்டது. வாழைப்பழச் சந்தை முழுவதையும் ஒரே கம்பெனி பிடித்துவைத்திருப்பது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம் என்று. 1958ல் கம்பெனி தன்னில் ஒரு பகுதியைப் பிரித்துவிட ஒப்புக்கொண்டது. 1972ல் குவாதமாலாவில் மிஞ்சியதை டெல் மாண்ட்டே கம்பெனிக்கு விற்றது. அர்பென்ஸ் சொன்னதில் பெரும்பகுதியை வாஷிங்டனின் வக்கீல்களே பின்னால் சொன்னார்கள். இடையில் 1960ல் குவாதமாலாவில் தொடங்கிய உள்நாட்டு யுத்தம் 1996 வரை நடந்தது. ஐக்கிய நாடுகளின் ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1999ல் கணித்தபடி 2 லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் மாயா இந்தியர்கள். இந்த யுத்தத்துக்குக் காரணம் முழுவதும் ஒரு பழக் கம்பெனி என்று சொல்வது சரித்திரத்தைக் கதையாக்குவது. வேறு வழியில் தீர்த்துக்கொள்ள வாய்ப்பிருந்த ஒரு விவகாரத்தை அது 1954ல் மூடிவிட்டது என்று சொல்லலாம். அது போதும்.

*

நிலத்துக்கும் ரயில் கட்டணத்துக்கும் இரண்டு கணக்கு இருந்தது போலவே மனிதர்களுக்கும் இருந்தது. அதைப் பார்க்கக் கொலம்பியாவின் கரீபியன் கரைக்கு, கால் நூற்றாண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

1928 நவம்பர் 12ந் தேதி ஸாந்தா மார்த்தா வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கோரிக்கைகள் ஒன்பது. காயம் பட்டால் ஈடு, இன்ஷூரன்ஸ், ஞாயிறு விடுமுறை, கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டுக்குப் பதிலாகப் பணமாகக் கூலி, இப்படி. இவற்றில் பல, கொலம்பியச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை. கம்பெனி சொன்ன பதில் விசேஷமானது: எங்களிடம் தொழிலாளர்களே கிடையாது. சட்டப்படி பார்த்தால் அது பொய்யுமல்ல. ஆள் பிடித்துக் கூலி கொடுத்தது இடையில் இருந்த ஒப்பந்தக்காரர்கள். சிலோனுக்கும் மலேயாவுக்கும் ஆள் கட்டிய கங்காணிகளைத் தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பல்லாயிரம் பேர் வெட்டுகிறார்கள், சுமக்கிறார்கள், ஏற்றுகிறார்கள்; முதல் பேரேட்டில் அவர்கள் யாரும் இல்லை.

டிசம்பர் 5ந் தேதி இரவு சியனாகா ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் மேல், கலைந்து போகச் சில நிமிஷம் கெடு கொடுத்துவிட்டு, ராணுவம் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. தளபதி கார்லோஸ் கொர்தேஸ் வர்காஸ் பின்னால் எழுதிய புஸ்தகத்தில் செத்தவர்கள் 47 என்றார். தான் சுடாவிட்டால் அமெரிக்கக் கப்பற்படை கரை இறங்கியிருக்கும் என்பது அவர் சொன்ன நியாயம். 1929 ஜனவரியில் பொகோதாவிலிருந்த அமெரிக்கத் தூதர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், ராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று யுனைட்டட் ஃப்ரூட்டின் பிரதிநிதியே தன்னிடம் சொன்னதாகக் குறித்திருக்கிறார். பேரேடு மாறும்போது பிணங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. இந்த முறை தலைமை அலுவலகத்துக்குப் போகிற எண்தான் பெரிது. ஊரில் சொன்னது சிறிது. ஹோர்ஹே எலியெஸெர் கைத்தான் என்ற இளம் வக்கீல் வாழை வட்டாரத்துக்கு நேரில் போய் விசாரித்து, 1929 செப்டம்பரில் பார்லிமெண்டில் நாள் கணக்கில் பேசினார். 1948ல் அவர் பொகோதா தெருவில் கொலையுண்டார்.

*

இந்தச் சரித்திரத்தை இலக்கியம் எப்படி எதிர்கொண்டது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 'வாழைப்பழக் குடியரசு' என்ற சொல்லை 1904ல் உண்டாக்கியவரே சிறுகதைக்காரர் ஓ. ஹென்றி, ஹோண்டுராஸில் ஒளிந்திருந்த அனுபவத்தில். அந்தச் சொல்லில் ஒரு தந்திரம் இருக்கிறது: கேலி முழுக்கக் குடியரசின் மேல் விழுகிறது, பழத்தை வாங்கி விற்றவர் தப்பிவிடுகிறார். பாப்லோ நெரூதா 1950ல் வெளியிட்ட 'கான்ட்டோ ஹெனரால்' தொகுப்பில் கம்பெனியின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். சர்வாதிகாரிகள் அதில் ஈக்களாக வருகிறார்கள். வசை கவிதையாவது அபூர்வம், அங்கே ஆகியிருக்கிறது. ஆனால் வசைக்கு எல்லை உண்டு. கோபம் யார் மேல் என்று தெரிகிறது. காரியம் எப்படி நடக்கிறது என்பது தெரிவதில்லை.

அதைக் காட்ட முயன்றவர் மிகுவெல் ஆங்கெல் அஸ்தூரியாஸ். அர்பென்ஸின் தூதராக இருந்து, அர்பென்ஸ் விழுந்ததும் நாடு கடந்தவர். 1950லிருந்து 1960க்குள் கம்பெனியைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதினார். தோட்டத்திலிருந்து சிகாகோ இயக்குநர் அறைவரை கதையைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய லட்சியம். இது பெரிய லட்சியம். முற்போக்கு நாவல்கள் பெரும்பாலும் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிடும்போது அவர் வாசலைத் தாண்டினார். ஆனால் சிகாகோவில் அவர் கண்டது ஒரு மனிதன், 'பச்சைப் போப்'. அமைப்பு ஒரு வில்லனின் முகமாகச் சுருங்கிவிட்டது. மறுபடியும் ஆக்டோபஸ்தான். அவருடைய மற்ற நாவல்களுக்குப் பக்கத்தில் இந்த மூன்றும் வெளிறித் தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அரசியல் நாவல் என்பதால் கலை குறைந்துவிட்டது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு மாறாகத் தோன்றுகிறது: அரசியலை அவர் போதிய அளவு நுட்பமாகப் பார்க்காத இடத்தில்தான் கலை குறைந்தது.

அஸ்தூரியாஸ் நோபல் பரிசு வாங்கிய 1967ல் 'நூறு வருஷத் தனிமை' வந்தது. கார்ஸியா மார்க்வெஸ் 1927ல் அந்த வாழை வட்டாரத்தில், அரகதாக்காவில் பிறந்தவர். மக்கோந்தோ என்பது பக்கத்தில் இருந்த ஒரு வாழைத் தோட்டத்தின் பெயர். அவர் தலைமை அலுவலகத்துக்குள் போகவே இல்லை. ஊரில் நின்றுகொண்டு, ஊரிலிருந்து பார்த்தால் கம்பெனி எப்படித் தெரியுமோ அப்படியே எழுதினார். தொழிலாளர்கள் என்று யாரும் இல்லை எனக் கோர்ட் தீர்ப்புச் சொல்கிறது. சுட்டுக் கொன்றவர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் போடுகிறார்கள். பிழைத்து வந்தவனிடம் இங்கே யாரும் சாகவில்லை என்று ஊரே சொல்கிறது. இதை மாய யதார்த்தம் என்கிறார்கள். முதலாவதில் மாயம் நாவலாசிரியருடையது அல்ல, கம்பெனி வக்கீல்களுடையது. அவர் பிரதி எடுத்திருக்கிறார். முதல் பேரேட்டின் நடை அப்படிப்பட்டது. அதை உள்ளபடி எழுதினாலே கற்பனைக் கதை போலிருக்கும்.

நாவலில் செத்தவர்கள் 3,000க்கு மேல். அந்த எண் பிறகு மேடைப் பேச்சிலும் பாடத்திலும் சரித்திரமாகவே புழங்க ஆரம்பித்தது. நாவலின் அளவுக்குப் பொருந்தப் பெரிய எண் தேவைப்பட்டது என்று ஆசிரியரே பின்னால் சொன்னார். நாவல் சரித்திரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதைப் பற்றிக் கொலம்பிய சரித்திரக்காரர் எதுவார்தோ பொஸாதா கார்போ 1998ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இந்த ஆட்சேபணையை நம்மவர்கள் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. கலைஞனின் உண்மை வேறு, தகவல் உண்மை வேறு என்று சொல்லிவிட்டுப் போவது சௌகரியம். கம்பெனி சொல்வதும் ஏறக்குறைய அதுதான், எங்கள் கணக்கு வேறு என்று. 3,000 என்ற எண்ணுக்காக அந்த நாவல் முக்கியமல்ல. எண்ண முடியாதபடி செய்யப்பட்டது என்பதைச் சொன்னதற்காக முக்கியம். எண்ணிப் பார்க்கிற வேலை சரித்திரக்காரனுடையது. அவன் கையில் தாள்கள் இல்லாதபோது நாவலாசிரியன் எண்ணைச் சொல்லிவிடுகிறான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அதைக் கேள்வியும் கேட்க வேண்டும்.

தமிழில் தோட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் இருந்து ஒரு வரிசை இருக்கிறது. லயம், துரை, கங்காணி, பெரியவீட்டு அதிகாரம், நோய், சாவு எல்லாம் வந்துவிட்டன. லண்டனில் பதிவான கம்பெனி, மின்ஸிங் லேன் ஏலக் கூடம், வருஷாந்தர அறிக்கை, பங்குக்கு எத்தனை சதவிகிதம் லாபம் என்பது பெரும்பாலும் வரவில்லை. லயத்தில் இருந்தவனுக்கு அவை தெரியாது, ஆகவே கதையில் வரவில்லை என்றால் அது யதார்த்தம்தான். ஆனால் அவனுக்கு அவை தெரியாது என்பதே அவன் வாழ்க்கையின் முக்கியமான விஷயம் என்று எழுத்தாளனுக்காவது தெரிய வேண்டும். மார்க்வெஸுக்குத் தெரிந்திருந்தது.

*

கம்பெனியின் பிற்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1970ல் அது யுனைட்டட் பிராண்ட்ஸ் ஆயிற்று. 1974ல் வாழை விளைவிக்கும் நாடுகள் சேர்ந்து ஏற்றுமதி வரி போடப் புறப்பட்டன. 1975 பிப்ரவரி 3ந் தேதி கம்பெனித் தலைவர் ஈலை பிளாக் நியூயார்க்கில் 44வது மாடியிலிருந்து குதித்துச் செத்தார். வரியைக் குறைக்க ஹோண்டுராஸில் 12,50,000 டாலர் லஞ்சம் கொடுக்கப்பட்டது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்தது. பங்குதாரர்களுக்குச் சொல்லாமல் மறைத்தது அங்கே குற்றம். ஹோண்டுராஸ் ஜனாதிபதி பதவி இழந்தார். 1990ல் கம்பெனி சிக்கீத்தா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1997லிருந்து 2004 வரை கொலம்பியாவின் வலதுசாரி ஆயுதக் கும்பலுக்கு 17 லட்சம் டாலர் கொடுத்துவந்ததாக 2007ல் வாஷிங்டன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. அபராதம் அமெரிக்கக் கஜானாவுக்கு.

வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இரண்டாவது பேரேடு திறந்த ஒவ்வொரு தடவையும் திறந்தது அமெரிக்காவில்; திறந்தது பங்குதாரருக்காக, போட்டி வியாபாரிக்காக, அந்நாட்டுச் சட்டத்துக்காக. தோட்டம் இருந்த நாட்டுக்காக அல்ல. இதில் ஒரு விதிவிலக்கு 2024 ஜூன் 10ந் தேதி வந்தது. அந்தக் கும்பல் கொன்ற எட்டுப் பேரின் குடும்பங்களுக்குக் கம்பெனி 3.83 கோடி டாலர் தர வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடங்கி பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அப்பீல் செய்வதாகக் கம்பெனி அறிவித்தது.

எட்டுப் பேர், எட்டுப் பெயர், தேதி, இடம். சியனாகா சதுக்கத்தில் செத்தவர்களுக்கு இது கிடைக்கவில்லை. அவர்கள் 47க்கும் 3,000க்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். இந்த எட்டுப் பேர் தலைமை அலுவலகத்துப் பேரேட்டில் ஏறிவிட்டார்கள். செலவுப் பக்கத்தில்.